நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு விண்டி ஆப்: காற்றுக்கு நம்பலாம், மழைக்குப் பாதி, மலைக்குத் தனிக் கணக்கு

சென்னையிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி வரை இறங்கி, ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி, தென்காசி, ராஜபாளையம், பழனி, பொள்ளாச்சி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி வடக்கே ஏறி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி தொடும் வழியைச் சைக்கிளில் போகிறவர்களுக்கு வானிலை ஒன்றல்ல, நாலைந்து. ஈ.சி.ஆரில் கடற்காற்று, வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் நிழலே இல்லாத உப்பளம், திருச்செந்தூர்ப் பக்கம் செம்மண் தேரி, கணவாய்களில் ஆளைத் தள்ளும் மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று), மலையில் மூடுபனி. இத்தனைக்கும் ஒரே ஆப் போதுமா என்று கேட்டால் பலரும் சொல்வது விண்டி. 2014-இல் செக் நாட்டில் தொடங்கியது. படகுக்காரர்கள், பாராகிளைடிங் செய்பவர்கள் மத்தியில்தான் முதலில் பேர் வாங்கியது. இந்த மதிப்புரை அதைச் சைக்கிள்காரர் கண்ணால் மட்டும் பார்க்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சமவெளியிலும் கடலோரத்திலும் காற்றைப் பார்க்க இதைவிட நல்ல இலவசக் கருவி கிடையாது. மழைக்கு இது ஒரு துணைதான். மலையில் திறந்தவுடன் தெரியும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றும். ஆனால் அதே ஆப்புக்குள் சரியான எண்ணும் இருக்கிறது, தேடி எடுக்க வேண்டும்.

நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை அலகை மாற்றுவது. காற்று வேகம் நாட் கணக்கில்தான் வருகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. திரையில் 15 என்று பார்த்தால் லேசான காற்று போலத் தோன்றும். உண்மையில் அது மணிக்கு 28 கி.மீ. வண்ண அளவுகோலின் மேல் விரலால் தட்டினால் அலகு மாறிக்கொண்டே வரும், கி.மீ. வந்ததும் விட்டுவிடலாம்.

அடுத்தது அந்த எண் எந்த உயரத்தின் காற்று என்பது. விண்டி காட்டுவது வானிலை மாடல்கள், அதாவது வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்குகள், தரும் எண்களை. தரைமட்டக் காற்று என்று அவை தரையிலிருந்து 10 மீட்டர் உயரக் காற்றைத்தான் சொல்கின்றன. சைக்கிளில் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரையின் உராய்வால் அங்கே வேகம் குறையும். புல்வெளி, தரிசு போன்ற திறந்த நிலத்தில் ஆப் சொல்வதில் மூன்றில் இரண்டு பங்கு என்று கொள்ளலாம். தண்ணீரை ஒட்டிய சாலையில், உதாரணமாகத் தனுஷ்கோடிச் சாலையில், உராய்வு குறைவு என்பதால் ஐந்தில் நான்கு பங்கு வந்து அடிக்கும். தென்னந்தோப்பு, ஊர்த்தெரு என்றால் பாதிக்கும் கீழே.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? ஆள், வண்டி, சாமான் எல்லாம் சேர்த்து 100 கிலோ, பின்னால் இரண்டு பை. காற்றில்லாத சமதரையில் மணிக்கு 20 கி.மீ. போகும் அளவுக்கு மிதிக்கிறார் என்று வையுங்கள். உடம்பு உயரத்தில் 20 கி.மீ. எதிர்காற்று வந்தால், அதே உழைப்புக்கு வேகம் சுமார் 11 ஆக விழும். அதே காற்று முதுகில் வந்தால் 31-ஐத் தொடும். நூறு கிலோமீட்டர் போக ஒருவருக்கு ஒன்பது மணி நேரம், இன்னொருவருக்கு மூன்றேகால். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் வரும் வித்தியாசம் இது. திரையில் 30 கி.மீ. என்று காட்டும் எதிர்காற்று உங்கள் நாளை இரண்டாக முறித்துவிடும். நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தூரத்தை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். மேப்பில் தூரம் பார்ப்பதற்கு முன்னால் விண்டியில் காற்று பார்க்க வேண்டும்.

கடலோரத்தில் இந்த ஆப்பின் அருமை தெரியும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நிலையான வடகிழக்குக் காற்று. சென்னையிலிருந்து தெற்கே போகிறவருக்கு முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல. குறிப்பாக ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை சாலை தென்மேற்காகவே ஓடுவதால் முழுப் பின்காற்று கிடைக்கும். இதே வழியை வடக்கு நோக்கித் திட்டமிட்டு ஜனவரியில் கிளம்புகிறவர்கள் நாள் முழுக்க முட்டிக்கொண்டு போக வேண்டும். விண்டியில் நேரப்பட்டையை அடுத்த ஒரு வாரத்துக்கு இழுத்துப் பார்த்தாலே திசை மாறப்போவதில்லை என்று தெரிந்துவிடும். பயணத்தின் திசையையே மாற்றிக்கொள்ளலாம், ரயிலில் போய் மறுமுனையில் தொடங்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் கதை வேறு. அதிகாலையில் நிலத்திலிருந்து லேசான மேல்காற்று, வெயில் ஏறியதும் கடற்காற்று. மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போகும்போது அது இடது முன்பக்கத்திலிருந்து வரும். கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்பதை ஐரோப்பிய மாடல் ஓரளவு சரியாகப் பிடிக்கிறது. இ.சி.எம்.டபிள்யூ.எஃப். என்று பட்டியலில் இருப்பதுதான் அது, 9 கி.மீ. கட்டங்களாகக் கணக்கிடுகிறது. திசை திரும்பும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குள் எண்பது கிலோமீட்டரை முடித்துவிடும்படி அதிகாலை நாலு மணிக்குக் கிளம்புவது நல்ல உத்தி. மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகும். காற்று எதிர்க்காது, ஆனால் வெயில் வறுத்துவிடும். அன்றைக்குத் தண்ணீர் இரண்டு பாட்டிலுக்குப் பதில் நாலு.

பாம்பன் பாலத்தில் பார்க்க வேண்டியது சராசரிக் காற்றை அல்ல, வீச்சை, அதாவது திடீரென்று எழுந்து அடங்கும் வேகத்தை. கஸ்ட் என்று தனி அடுக்கு இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பாலத்தின் குறுக்கே அடிக்கும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் மறைப்பே கிடையாது. எதிரே பேருந்து வரும்போது அரை நொடி காற்று நின்று, கடந்ததும் மொத்தமாக வந்து மோதும். அந்த அரை நொடியில்தான் ஹேண்டில் வெட்டும். முன்சக்கரத்தில் பை மாட்டியிருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து. வீச்சு 50 கி.மீ.க்கு மேல் காட்டினால் இறங்கி நடைபாதையில் தள்ளிக்கொண்டு போவதே சரி. தனுஷ்கோடிச் சாலையில் குறுக்குக் காற்றோடு மணலும் சேர்ந்து வரும். செயினில் எண்ணெய் அதிகமாக இருந்தால் மணல் ஒட்டி அரைத்துவிடும். போவதற்கு முன் துணியால் செயினைத் துடைத்து உலர்வாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்து நல்ல தண்ணீரால் கழுவிய பிறகு எண்ணெய் விடலாம்.

கணவாய்களுக்கு வருவோம். இங்கே எந்த மாடலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் பதிலே மாறும். பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமானது. 9 கி.மீ. கட்டத்தில் அது தெளிவாக விழுகிறது. ஜூலையில் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வரை ஒரு பட்டையாக மேல்காற்று பாய்வதைத் திரையிலேயே பார்க்கலாம். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். விண்டியில் 22 கி.மீ. கட்டம். அதில் கணவாய் ஒன்று அல்லது இரண்டு கட்டத்துக்குள் மங்கிப்போகும். ஆரல்வாய்மொழியும் செங்கோட்டையும் இன்னும் குறுகல். ஐரோப்பிய மாடலிலேயே அரைகுறைதான். ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் காற்றாலைகள் அப்படிக் குவிந்து நிற்பதற்கு அந்தக் குறுகல்தானே காரணம். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த இரண்டு இடங்களில் ஆப் சொல்லும் எண்ணோடு கூடுதலாக மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு. நாகர்கோவிலிலிருந்து வள்ளியூர் நோக்கிப் போனால் காற்று உதவும். பணகுடியிலிருந்து நாகர்கோவில் என்றால் ஒவ்வொரு பதினைந்து கிலோமீட்டருக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பழனியிலிருந்து பொள்ளாச்சிக்கு மேற்கே போவதும் இதே கதைதான். முடிந்தால் அந்தப் பகுதியை எதிர்த்திசையில், பொள்ளாச்சியிலிருந்து கிழக்கே, வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் விடியுமுன் கிளம்புங்கள். இரவில் தரையை ஒட்டிய காற்று அடங்கும், வெயில் ஏறி மண் சூடானதும் மேலே ஓடும் வேகக் காற்று கீழே கலந்து இறங்கும். காலை ஒன்பது மணி ஒரு நல்ல எல்லை.

மலையில்தான் பலர் இந்த ஆப்பைத் திட்டுகிறார்கள். காரணம் புரிந்தால் திட்ட வேண்டியிருக்காது. மாடலுக்குத் தெரிந்த நீலகிரி நாம் ஏறும் நீலகிரி அல்ல. ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி உயரம் ஒன்றுதான், அதனால் சிகரம் தாழ்ந்தும் பள்ளத்தாக்கு மேடாகியும் போய்விடுகின்றன. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. காற்று ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குளிரும். அப்படியானால் மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி இருக்கும்போது ஊட்டியில் 18-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆப்பில் ஊட்டியைத் தொட்டால் 22 என்று காட்டுகிறதா? அப்படியானால் மாடலின் ஊட்டி அறுநூறு மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஆப் காட்டும் எண்ணிலிருந்து அந்த நான்கு டிகிரியைக் கழித்து, அந்தக் குளிருக்கு ஏற்ற ஆடை எடுங்கள். இறக்கத்தில் இந்த நான்கு டிகிரி விளையாட்டல்ல. ஏறும்போது வியர்வையில் நனைந்த பனியனோடு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. உச்சியில் பனியன் மாற்றி, காற்றுத் தடுப்புச் சட்டை போட்ட பிறகுதான் இறங்க வேண்டும். சட்டை இல்லையென்றால் நெஞ்சுக்குள் ஒரு செய்தித்தாள் போதும்.

மலைக் காற்றுக்குத் தரைமட்ட எண்ணை விட்டுவிடுங்கள். திரையின் ஓரத்தில் உயரத்தை மாற்றும் பட்டை இருக்கிறது, பெரும்பாலான சைக்கிள்காரர்கள் தொடுவதே இல்லை. உயரம் அதில் காற்றழுத்த அளவாக வரும். 850 ஹெக்டோபாஸ்கல் என்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். குன்னூர், கோத்தகிரி ஏற்றத்துக்கு இதைப் பாருங்கள். 800 என்பது சுமார் 2,000 மீட்டர், ஊட்டிக்கு அது. பாலக்காட்டுக் கணவாயில் 925, அதாவது 750 மீட்டர் உயரக் காற்று, பகலில் தரைக்கு இறங்கப்போகும் வீச்சுக்கு நல்ல முன்னறிகுறி. மாடலின் தட்டையான மலை இந்த உயரங்களில் குறுக்கே நிற்காததால் எண் நம்பகமாக இருக்கும். முகடுகளிலும் மேற்குப் பார்த்த வளைவுகளிலும் அந்த வேகம் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும், மலைக்குப் பின்னால் ஒதுங்கிய வளைவில் ஒன்றுமே இருக்காது. ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பியதும் காற்று சட்டென்று முகத்தில் அறைவது இதனால்தான்.

மூடுபனிக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. அடிவார ஊரின் வெப்பநிலையையும் பனிநிலை வெப்பத்தையும் (டியூ பாயிண்ட், காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) ஆப்பில் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் என்று வரும். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி, பனிநிலை 22 என்றால், எட்டு பெருக்கல் 125, ஆயிரம் மீட்டர். ஊரின் 330-ஐக் கூட்டினால் 1,330. அதாவது குன்னூர் வருவதற்கு வெகு முன்பே மேகத்துக்குள் நுழைவீர்கள். பின்விளக்கு, பளிச்சென்ற மேலங்கி இரண்டையும் பைக்குள் அடியில் போட்டுவிடாமல் கைக்கு எட்டும்படி வையுங்கள். வழியிலுள்ள பர்லியாரில் வெயில் அடிக்கிறதே என்று நினைத்து ஏறினால், அவசரத்துக்குச் சாலையோரம் நின்று பையைக் கொட்டித் தேட வேண்டியிருக்கும்.

இனி மழை. இதில் விண்டியின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். படம் அழகாக இருப்பதால் கணிப்பு துல்லியமாகிவிடாது. 9 கி.மீ. கட்டம் என்றால் 81 சதுர கி.மீ.க்கு ஒரே எண். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. இப்படிப்பட்ட குவிந்த மழையை இந்த அளவுக் கட்டங்கள் பரப்பித் தட்டையாக்கித்தான் காட்டும். கோடையில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாலை நேர இடிமழைக்கும் இதே பிரச்சினை. எந்த ஊரில் விழும் என்று மாடலால் சொல்ல முடியாது. விழக்கூடிய நாளா இல்லையா என்று மட்டும் சொல்லும். அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டு, மதியம் இரண்டு மணிக்கு மேல் திறந்த வெளியில் இல்லாதபடி நாளை அமைத்துக்கொள்ளலாம்.

இலவசக் கணக்கில் மழை எண் மூன்று மணி நேரத்துக்கானது. 3 மி.மீ. என்றிருந்தால் மூன்று மணி நேரத் தூறலாகவும் இருக்கலாம், பத்து நிமிட அடைமழையாகவும் இருக்கலாம். பிரித்தறிய வழி, மாடல்களை ஒப்பிடும் பக்கம். ஐரோப்பிய மாடலும் ஜெர்மனியின் ஐகானும் ஜி.எஃப்.எஸ்.ஸும் ஒரே வேளையில் மழை காட்டினால் பரவலான மழை, ரெயின்கோட்டோடு ஓட்டலாம். ஒன்று 20 மி.மீ. என்கிறது, மற்றவை பூஜ்யம் என்கின்றன என்றால் அது இடிமழை ரகம். வடகிழக்குப் பருவத்தில் இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும்: கடலோரத்தில் மழை பெரும்பாலும் பின்னிரவிலும் அதிகாலையிலும் வரும், உள்மாவட்டங்களில் மாலையில். கோடையில் பழகிய நாலு மணிக் கிளம்பல் நவம்பரில் ஈ.சி.ஆரில் நேரே மழைக்குள் கொண்டுபோய் விடும். அப்போது எட்டு மணிக்குக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

புயல் என்றால் விண்டியை ஓரமாக வையுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிய பின் நகராமல் நின்று, ஊரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. காற்றின் சுழி திரையில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, மழை தாண்டிவிடும் என்று லாட்ஜைக் காலி செய்யும் முடிவை எடுக்கக் கூடாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மாவட்ட எச்சரிக்கை, மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு, சென்னை, காரைக்கால் ரேடார் படங்கள், இவைதான் அப்போது ஆதாரம். ஆரஞ்சு, சிவப்பு நிற மாவட்டத்தில் சைக்கிள் ஓட்ட வேண்டாம், விவாதமே தேவையில்லை. மின்னலுக்குப் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி ஆப் தனியாக இருக்க வேண்டும். 20, 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னல் விழுகிறதா என்று காட்டும். இதற்கு மாற்றாக விண்டியை நம்ப வேண்டாம்.

பார்க்கும் நேரமும் ஒரு விஷயம். ஐரோப்பிய மாடலின் முக்கியக் கணக்கீடுகள் நம் நேரப்படி காலை 5:30, மாலை 5:30 நிலவரத்தில் தொடங்குகின்றன. கணக்கிட்டு வெளிவர ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். இரவு எட்டு மணிக்கு லாட்ஜில் உட்கார்ந்து பார்ப்பது காலை நிலவரத்தின் கணிப்பு. மாலை நிலவரத்தின் கணிப்பு நள்ளிரவு தாண்டித்தான் வரும். எனவே விடியற்காலை டீக்கு முன் மறுபடி ஒரு முறை திறக்க வேண்டும், மழைக்காலத்தில் இது கட்டாயம். பார்த்ததும் அன்றைய வழியிலுள்ள நாலைந்து ஊர்களின் வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத மலைச்சாலையில் ஆப் வெறும் காலி மேப். ஊர்களை முன்கூட்டியே நட்சத்திரமிட்டு வைத்தால் இந்த வேலை இரண்டு நிமிடம்.

குறைகள் சில. ஓடும் காற்றுக் கோடுகள் பேட்டரியைத் தின்கின்றன. அமைப்பில் போய் அசைவை நிறுத்தலாம். ஈரக் கையில் நேரப்பட்டை பிடிபடாது, நகர்ந்துகொண்டே இருக்கும். வழித் திட்டமிடும் கருவி விமானம், படகு, கார் ஓட்டிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது, எதிர்காற்றில் 11 கி.மீ. வேகத்தில் போகிறவர் எந்த ஊரில் எந்த மணிக்கு இருப்பார் என்று அது யோசிக்காது. அதனால் ஒவ்வொரு ஊருக்கும் போய்ச்சேரும் நேரத்தை நாமே கணக்கிட்டு, அந்த மணிக்கு அந்த ஊரைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுக்குகள் ஐம்பதுக்கு அருகே இருப்பதால் புதிதாக வருபவர் திணறுவார். காற்று, வீச்சு, மழை, பனிநிலை, 850 ஹெக்டோபாஸ்கல் இந்த ஐந்தும் போதும்.

கட்டணம் கட்ட வேண்டுமா? ஜனவரியிலோ ஜூலையிலோ போகிறவருக்குத் தேவையில்லை; காற்று மணிக்கு மணி மாறாத பருவங்கள் அவை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை கடலோரம் போகிறவருக்கு மட்டும், மூன்று மணி இடைவெளி ஒரு மணியாக மாறுவது காசுக்குத் தகும். ஏப்ரல், மே மாதங்களில் உள்மாவட்டம் போகிறவர் அந்தப் பணத்தை நல்ல ரெயின்கோட்டில் போடலாம், அங்கே பெய்யும் இடிமழையை ஒரு மணி இடைவெளியும் இடம் சொல்லிக் காட்டப்போவதில்லை.